மூன்று மாதக் கணக்கு

தலைக்குக் குளித்துவிட்டு வெள்ளைத் துண்டால் துவட்டியபோதுதான் முதன்முதலில் கவனித்தேன். துண்டை உதறியதும் தரையில் விழுந்த முடியை விரலில் சுற்றினால் ஒரு சிறு உருண்டையாகத் திரண்டது. அடுத்த நாள் சீப்பில், அதற்கடுத்த நாள் தலையணை உறையில், பிறகு குளியலறையில் நீர் வடியும் துளையை அடைத்துக்கொண்டு என்று, பார்த்த இடமெல்லாம் முடி. ஒரு மாதத்துக்குள் பின்னல் கைக்கு மெலிந்துவிட்டது. இரண்டு சுற்றில் இறுகிக்கொண்டிருந்த ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. முடி கொட்டுவது உயிருக்கு ஆபத்தான நோயல்ல என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் காலையில் கண் விழித்ததும் தலையணையைத் திரும்பிப் பார்க்கப் பயப்படுகிற ஒருத்திக்கு அந்த உண்மையால் ஆறுதல் கிடைப்பதில்லை.

அந்தப் பயத்தில்தான் மூலிகைக் கேப்சூல் ஒன்றை வாங்கினேன். சா பால்மெட்டோ என்னும் ஒரு குட்டைப் பனையின் பழச்சாறு, கரிசலாங்கண்ணிச் சாறு, இன்னும் சில மூலிகைகள் அதில் இருப்பதாகப் புட்டியில் எழுதியிருந்தது. முழுக்க இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது, 90 நாட்களில் பலன் தெரியும் என்பவை பெரிய எழுத்தில் இருந்தன. காலையும் இரவும் ஒவ்வொன்றாக, ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டேன். ஏழாவது வாரத்தில் துண்டில் விழும் முடி குறையத் தொடங்கியது. மூன்றாவது மாத முடிவில் நெற்றியோரத்தில் நகக்கண் உயரத்துக்குக் குட்டி முடிகள் எழும்பி நின்றன. கண்ணாடியில் அவற்றைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினேன். பார்த்தவர்களிடமெல்லாம் அந்தக் கேப்சூலைப் பற்றிச் சொன்னேன். என் சொல்லை நம்பி என் தம்பியும் அதையே வாங்கினான். இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணம் அந்தக் கடைசி வாக்கியம்தான்.

எனக்கு நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மனிதத் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் உள்ளன. அவை எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதுமில்லை, ஒரே நேரத்தில் உதிர்வதுமில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் தனக்கென ஒரு காலக்கணக்கு வைத்திருக்கிறது. 2 முதல் 6 ஆண்டுகள் வரை, மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் என்ற வேகத்தில் முடி வளர்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சி அடங்கி, அந்த முடி ஏறத்தாழ 3 மாதம் ஓய்வில் நின்று, கடைசியில் உதிர்கிறது. அதே மயிர்க்காலிலிருந்து புது முடி கிளம்புகிறது. எந்த நாளில் பார்த்தாலும் 85 முதல் 90 சதவீத முடி வளரும் கட்டத்தில்தான் இருக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

உடலுக்கு ஒரு பெரிய அதிர்ச்சி வரும்போது இந்தக் கணக்கு குலைகிறது. கடுமையான காய்ச்சல், பெரிய அறுவைச் சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்து திடீரென்று எடை குறைப்பது போன்றவை வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமான பகுதியை ஒரே நேரத்தில் ஓய்வுக்குத் தள்ளிவிடுகின்றன. அப்போது தலையில் எந்த மாற்றமும் தெரியாது. ஓய்வுக்குப் போன முடிகள் இரண்டு மூன்று மாதம் அப்படியே நின்றுவிட்டு, பிறகு கூட்டமாகக் கொட்டும். எனக்கு முடி கொட்டத் தொடங்குவதற்கு இரண்டரை மாதம் முன்பு, 9 நாட்கள் விடாத காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தேன். காய்ச்சல் போய்விட்டது, உடம்பு தேறிவிட்டது என்று அதை மறந்தும்விட்டேன். முடி கொட்டியபோது, அந்த வாரம் மாற்றிய ஷாம்பூவையும் குளிக்கும் தண்ணீரையும்தான் சந்தேகப்பட்டேன்.

இந்த வகை உதிர்வில் காரணம் நீங்கிவிட்டால், எதுவும் செய்யாமலே பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்துக்குள் உதிர்வு அடங்கிவிடும். நாம் அஞ்சி நடுங்கும் நாட்களில் தோலுக்கு அடியில் புது முடி ஏற்கெனவே புறப்பட்டிருக்கும். ஆனால் யாரும் உதிர்வின் முதல் நாளிலேயே கேப்சூல் வாங்குவதில்லை. உதிர்வு உச்சத்துக்குப் போய், இனிப் பொறுக்க முடியாது என்னும் நிலையில்தான் வாங்குகிறோம். உச்சத்துக்குப் பிறகு அது குறையத்தான் செய்யும். அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும், எதைத் தடவியிருந்தாலும், நற்பெயர் அதற்குத்தான் போயிருக்கும். புட்டியின் 90 நாளும் மயிர்க்காலின் 3 மாதமும் ஒன்றாக ஓடி முடிந்தன. நான் புட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஆண்டு கழித்து மீண்டும் முடி கொட்டியது. இம்முறை காய்ச்சல் எதுவும் வந்திருக்கவில்லை, கூட்டமாகவும் கொட்டவில்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக, வகிடு வெளுத்துத் தெரியும்படி குறைந்துகொண்டே வந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியுமே என்ற நம்பிக்கையில் அதே கேப்சூலைத் திரும்பவும் தொடங்கினேன். மூன்று மாதம் ஆயிற்று, கேட்கவில்லை. நான்கு மாதம் ஆயிற்று, அப்போதும் கேட்கவில்லை. வேறு வழியின்றித் தோல் மருத்துவரிடம் போனேன்.

அவர் முதலில் செய்த சோதனைக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. ஐம்பது, அறுபது முடியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, வேரிலிருந்து நுனிவரை மெதுவாக இழுத்து உருவினார். கையோடு எத்தனை வந்தன என்று ஒரு வெள்ளைத் தாளில் வைத்து எண்ணினார். பிறகு அவற்றில் ஒன்றை எடுத்து அடிநுனியைக் காட்டினார். குண்டூசித் தலையைவிடச் சிறிய, வெள்ளையான ஒரு குமிழ். ஓய்வு முடிந்து தானாக விழுந்த முடிக்குத்தான் அப்படி இருக்கும் என்றார். வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று இரண்டு ஆண்டுகளாக நான் அஞ்சிய அதே வெள்ளைப் புள்ளிதான் அது. வேர் உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆனதே என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி வருந்தினேன்.

இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். இரத்தம் எடுக்கும் இடத்தில், "மாத்திரை, மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பொய் சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. மூலிகையை மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முடிவு வந்தபோது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் குறைவாகவும், தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் காட்டியது. தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்பது அதன் பொருள். முடி கொட்டுவதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். பத்து நாள் அந்தக் கவலையோடு கழிந்தது. அடுத்த முறை போனபோது, வீட்டில் சாப்பிடுகிற எல்லாவற்றையும் எடுத்து வரும்படி மருத்துவர் சொல்லியிருந்ததால், கேப்சூல் புட்டியை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். மூலிகைகளின் வரிசைக்குக் கீழே கடைசி வரியில் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் என்றிருந்தது.

பயோட்டின் என்பது பி வகை வைட்டமின்களில் ஒன்று. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 மைக்ரோகிராம் போதும். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைவது அரிது, குறைவில்லாதவருக்கு அதை மேலும் கொடுப்பதால் முடி வளரும் என்பதற்கு நல்ல சான்றும் இல்லை. ஆனால் இரத்தத்தில் அது அளவுக்கு மீறி இருக்கும்போது, பயோட்டினைப் பிணைப்பானாகப் பயன்படுத்தும் ஆய்வகச் சோதனைகள் தடுமாறிப்போகின்றன. அதனால்தான் இல்லாத தைராய்டு நோய் இருப்பதாகக் காட்டியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் அளவை பயோட்டின் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்றும், அப்படி ஒரு தவறான முடிவையடுத்து ஒருவர் இறந்ததாகத் தகவல் வந்திருக்கிறது என்றும் அந்த எச்சரிக்கை சொன்னது. ஒரு வாரம் கேப்சூலை நிறுத்திவிட்டு மறுபடி இரத்தம் கொடுத்தேன். தைராய்டு அளவுகள் சரியாக இருந்தன. குறைந்திருந்தது ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச்சத்துக் கையிருப்பு. மாதந்தோறும் அதிக இரத்தப்போக்கு இருந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்கும் சேர்த்துச் சிகிச்சை நடந்தது. ஆறு மாதத்தில் வகிடு பழையபடி ஒடுங்கியது. அந்த மாதங்களில் முடிக்கென்று வேறு எதையும் நான் சாப்பிடவில்லை.

இப்போது தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு அப்போது 26 வயது. நெற்றியின் இரு முனைகளிலும் முடி பின்வாங்கி, உச்சியில் ஒரு நாணய அளவுக்குத் தோல் தெரிந்தது. அவனுக்குக் கட்டுக்கட்டாக முடி கொட்டவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் மயிர்க்கால் கொஞ்சம் சுருங்கி, முடி முன்பைவிட மெல்லியதாகவும் குட்டையாகவும் முளைத்து, கடைசியில் பூனைமுடியாகிவிடும் ஆண்வகை வழுக்கை அது. அதற்கும் எனக்கு வந்ததற்கும் எந்த உறவுமில்லை. இரண்டையும் "முடி கொட்டுது" என்ற ஒரே சொல்லால் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால் ஒரே புட்டி இருவருக்கும் பொருந்தும் என்று எண்ணிவிட்டோம்.

சா பால்மெட்டோவின் கதை தொடங்குவது இந்த வகை வழுக்கையில்தான். பருவமடைவதற்கு முன் விந்தகம் அகற்றப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களில் பரம்பரையாக வழுக்கை உள்ள குடும்பத்தவருக்கு ஆண் ஹார்மோன் செலுத்தினால் விழத் தொடங்குகிறது என்பதையும் அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் வெளியிட்டார். 1974-இல் ஜூலியான் இம்பெராட்டோ-மெகின்லியும் அவருடைய குழுவினரும் டொமினிக்கன் குடியரசில் சில குடும்பங்களை ஆராய்ந்து எழுதினார்கள். அந்தக் குடும்பங்களில் பிறந்த சில ஆண்களுக்கு, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அதைவிட வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைவு. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி அவர்களுக்குச் சிறியதாகவே இருந்தது, தலைமுடியும் பின்வாங்கவில்லை. ஃபினாஸ்டரைடு என்ற மாத்திரை பிறந்தது இந்த வழியில்தான். புராஸ்டேட் வீக்கத்துக்கு 1992-இலும், தலைமுடிக்கு 1 மில்லிகிராம் அளவில் 1997-இலும் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் சா பால்மெட்டோவின் பழத்திலிருந்து எடுக்கும் கொழுப்புச் சாறும் சோதனைக் குழாயில் இதே நொதியைத் தடுக்கிறது. ஆகவே மருந்து செய்கிற வேலையை மூலிகையும் செய்யும் என்ற வாதம் காற்றில் கட்டியதல்ல. நான் அதை மதிக்கிறேன். ஆனால் குழாயில் நடப்பது தலையில் எவ்வளவு நடக்கிறது என்பதுதான் கேள்வி. 2002-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் இந்தச் சாறும் பீட்டா சிட்டோஸ்டெரால் என்ற தாவரப் பொருளும் கலந்த மாத்திரையைச் சாப்பிட்ட 10 ஆண்களில் 6 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட 9 பேரில் ஒருவருக்குத் தெரிந்தது. இத்தனை பேரை வைத்து நம்பிக்கை கொள்ளலாம், முடிவு கட்ட முடியாது. 2012-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் 100 ஆண்களை இரண்டு ஆண்டு கவனித்தார்கள். நாளுக்கு 320 மில்லிகிராம் சா பால்மெட்டோ எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கும், ஃபினாஸ்டரைடு எடுத்தவர்களில் 68 சதவீதம் பேருக்கும் முடி கூடியது. அதிலும் மூலிகையின் பலன் பெரும்பாலும் உச்சந்தலையோடு நின்றது. போலி மாத்திரைக் குழு அந்த ஆய்வில் இல்லாததால், அந்த 38-இலும் மூலிகையால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இதே மூலிகையைப் புராஸ்டேட்டுக்காகப் பெரிய அளவில் சோதித்தபோது, 2006-இல் 225 பேரிடமும், 2011-இல் வழக்கமான அளவைப் போல மூன்று மடங்கு வரை கூட்டிக் கொடுத்து 369 பேரிடமும், போலி மாத்திரையைவிட அது மேலாக எதையும் செய்யவில்லை.

கரிசலாங்கண்ணியைப் பற்றி அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகள் எலிகளின் முதுகில் சாற்றைத் தடவிப் பார்த்தவை. கேப்சூலில் அடைத்துச் சாப்பிடுவதற்கு அவை சாட்சியாகா. பூசணி விதை எண்ணெய்க்குக் கொரியாவில் 76 ஆண்களிடம் நடந்து 2014-இல் வெளியான, போலி மாத்திரையோடு ஒப்பிட்ட நல்ல ஆய்வு ஒன்று உண்டு. 24 வாரத்தில் முடி எண்ணிக்கை 40 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 10 சதவீதம். ஆனால் சோதித்த மாத்திரையில் வேறு பொருட்களும் கலந்திருந்தன. இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நான் கண்ட சங்கடம் இதுதான். மூலிகை தனியாக வருவதே இல்லை, அதனால் எது வேலை செய்தது என்று யாராலும் கைகாட்ட முடிவதில்லை.

தம்பி இரண்டு ஆண்டு அந்தக் கேப்சூலை மட்டுமே நம்பியிருந்தான். தொடங்கிய நாளில் எடுத்த படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, உச்சியில் நாணயமாக இருந்தது உள்ளங்கையாகியிருந்தது. "அக்கா, உனக்குக் கேட்டுச்சே, எனக்கு ஏன் கேக்கல?" என்று கேட்டான். எனக்கும் அது கேட்கவில்லை, தானாகச் சரியானதை நான் மருந்தின் கணக்கில் எழுதிவிட்டேன் என்று அவனிடம் சொன்ன அந்த மாலை இன்னும் உறுத்துகிறது. என்னைப் போன்றவர்கள் மூலிகையை நம்பினால் கைக்காசோடு போயிற்று. அவனைப் போன்றவர்களுக்குப் போவது காலம். நெடுங்காலம் சுருங்கிப்போன மயிர்க்காலை மீட்பது கடினம். இருப்பதைக் காப்பாற்றுவதுதான் எளிது. பிறகு அவன் மருத்துவரைப் பார்த்து முடி வளர்ச்சிக்கான மினாக்சிடில் என்ற மருந்தும் ஃபினாஸ்டரைடும் தொடங்கினான். ஃபினாஸ்டரைடு சிலருக்குப் பாலுறவு சார்ந்த பக்கவிளைவுகளைத் தரும் என்பதையும், மினாக்சிடில் தொடங்கிய முதல் வாரங்களில் உதிர்வு சற்றுக் கூடலாம் என்பதையும், நிறுத்தினால் பலனும் போய்விடும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஒப்புக்கொண்டான். உள்ளங்கை அதற்கு மேல் விரியவில்லை. நாணய அளவுக்குத் திரும்பவுமில்லை.

இயற்கையானது என்பதால் தீங்கு செய்யாது என்ற எண்ணத்தை நானும் பல ஆண்டு வைத்திருந்தேன். சீன மரபில் நரைக்கும் முடிக்கும் பெயர்பெற்ற ஹே ஷோ வூ என்ற வேர் கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் நிறையவே பதிவாகியிருக்கின்றன; மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைக்கு வந்த பலர் அதை மருந்தாகவே எண்ணவில்லை. 2008-இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில், தயாரிப்புப் பிழையால், ஒரு வேளைக்கு 200 மைக்ரோகிராம் இருக்க வேண்டிய செலினியம் 40,800 மைக்ரோகிராம் கலந்துவிட்டது. 10 மாநிலங்களில் 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். உடல்நலம் தேறுவதற்காகக் குடித்தவர்களில் பெரும்பாலானோருக்கு முடி கொட்டியது. வைட்டமின் ஏ மிகுந்தாலும் முடி கொட்டும். சா பால்மெட்டோ இவ்வளவு கடுமையானதல்ல. பெரும்பாலும் வயிற்று உபாதையோடு நின்றுவிடும். ஆனாலும் ஹார்மோனைத் தொடும் பொருள் என்பதால் கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் அதை எடுக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் மூலிகை வேண்டாம் என்று நான் யாரையும் தடுப்பதில்லை. தொடங்குமுன் எந்த வகை உதிர்வு என்று தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தோல் சிவந்து எரிந்தாலோ, முடி போன இடம் வழவழவென்று பளபளத்தாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தழும்பாகிவிடும் வகையில் போன முடி திரும்பாது. சாப்பிடுவதென்றால், செடியின் எந்தப் பகுதி, எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாக எழுதியிருக்கும் புட்டியாக இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்கி, மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில், அதே வகிட்டில், ஈரமில்லாத தலையைப் படமெடுத்து வைத்தால், ஆறு மாதம் கழித்து நினைவை நம்ப வேண்டியிருக்காது.

போன மாதம் சித்தி மகள் வந்திருந்தாள். தோளில் நாலு மாதக் குழந்தை. பையில் இன்னும் உடைக்காத ஒரு கேப்சூல் புட்டி. சீப்பை எடுக்கவே பயமாக இருக்கிறது என்று சொல்லும்போது குரல் உடைந்தது. "மூணு நாலு மாசத்துக்கு முன்னாடி உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். யோசித்தாள். "ஒண்ணும் ஆகலையே அக்கா" என்றவள், தோளில் கிடந்த குழந்தையைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று என்னைப் பார்த்தாள். பிரசவத்துக்குப் பிறகு கொட்டும் முடி குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் திரும்பிவிடும் என்று சொன்னேன். பிரசவத்தின்போது இரத்தம் நிறையப் போனதா என்றும் கேட்டேன். போனது என்றாள். புட்டியை மறுபடி பையில் போட்டுவிட்டு, ஃபெரிட்டின் பார்க்க வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பதற்காகக் கைபேசியை எடுத்தாள்.